புரட்டாசி சனி... மலைப்படியில் ஒருவர் சுருண்டு விழுந்தால்? ஏ.இ.டி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போய் 'திருவண்ணாமலை' என்று சொன்னால் யாருக்கும் கிரிவலம் ஞாபகம் வராது. ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி, குன்றின் மேல் நிற்கும் சீனிவாசப் பெருமாள்தான் அவர்களுக்குத் திருவண்ணாமலை. 'தென் திருப்பதி' என்றும் சொல்வார்கள். புரட்டாசி சனிக்கிழமை வந்துவிட்டால் ராஜபாளையம், சிவகாசி, வத்திராயிருப்பு என்று சுற்றுவட்டாரமே அங்கே கூடும். படி முழுக்க மனிதத் தலைகள்.

அந்தக் கூட்டத்தில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். விரதம் இருந்து, காலை மாத்திரையையும் 'சாமி கும்பிட்டுட்டுப் போட்டுக்கலாம்' என்று தள்ளிவைத்துவிட்டு வந்த 55 வயதுக்காரர் ஒருவர் பாதிப் படியில் அப்படியே சரிகிறார். கை கால் லேசாக வெட்டி இழுக்கிறது. வாய் திறந்து திறந்து மூடுகிறது.

அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். "தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்" என்று ஒருவர். "வலிப்புய்யா, சாவிக்கொத்தைக் கையில குடு" என்று இன்னொருவர். யாரோ சோடா வாங்க ஓடுவார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்ப்பார்கள். கூட்டத்தில் ஒருத்தருக்குக்கூட கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்த மனிதருக்குத் தேவையான எதுவும் அந்த 5 நிமிடத்தில் நடந்திருக்காது.

இதயம் திடீரென்று நின்றுபோகும்போது உடம்பு சில நொடிகள் வெட்டி இழுப்பது உண்டு. மீன் கரையில் போட்டால் வாயைத் திறப்பதுபோல விட்டுவிட்டு மூச்சு இழுப்பதும் உண்டு. பார்ப்பவர்கள் 'மூச்சு இருக்கு, பயமில்ல' என்று நினைத்துவிடுகிறார்கள். அது மூச்சே இல்லை. தட்டி எழுப்பினால் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். கூடவே ஒருவர் 108-க்கு அடிக்க வேண்டும், இன்னொருவர் ஏ.இ.டி எடுத்து வர ஓட வேண்டும். அப்படி ஓடிப்போய் எடுக்கிற தூரத்தில் ஒன்று இருக்கிறதா, அதை எடுத்து வருகிறவருக்கு அது எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியுமா என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

ஏ.இ.டி என்ன செய்கிறது?

ஹார்ட் அட்டாக் வேறு, இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. முதலாவது ரத்தக்குழாய் அடைப்பு. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டுகூட இருக்கலாம். இரண்டாவது மின் கோளாறு. ஆள் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம் என்பதுதான் ஆபத்து.

ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் கோயில் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மின் கோளாறு சட்டென்று புரியும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வடத்தை இழுத்தால்தான் தேர் நகரும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில், ஒரு பக்கமாக இழுத்தால் எல்லாரும் வியர்த்துக் கொட்டுவார்கள், தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். இதயத்தின் தசைகள் அப்படித் தாறுமாறாகத் துடிப்பதைத்தான் டாக்டர்கள் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். ஏ.இ.டி தரும் ஷாக், 'எல்லாரும் ஒரு நொடி வடத்தை விடுங்க' என்று கத்துவது மாதிரி. அந்த ஒரு நொடி அமைதிக்குப் பிறகு இதயத்தின் சொந்த மின் மையம் மறுபடி தாளத்தைப் பிடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

சினிமாவில் மானிட்டரில் கோடு நேராகப் போனதும் டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி எதையோ உரசி ஷாக் கொடுப்பாரே, அது தப்பு. கோடு நேராகிவிட்டால் ஷாக் வேலை செய்யாது. ஏ.இ.டி-யும் அப்போது ஷாக் தராது. ஒட்டிய பேட் வழியாக இதயத்தின் மின்னோட்டத்தைப் படித்து, ஷாக் தேவையா இல்லையா என்று அதுவேதான் முடிவு செய்கிறது. "நான் தெரியாம ஷாக் குடுத்து ஆள் செத்துட்டா?" என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. தேவைப்படாதவருக்கு அது ஷாக் கொடுக்க விடாது.

1999-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஏ.இ.டி-யை அதுவரை தொட்டே பார்க்காத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடமும், பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்களிடமும் கருவியைக் கொடுத்து, பொம்மை நோயாளிக்கு ஷாக் கொடுக்கச் சொன்னார்கள். ஊழியர்களுக்குச் சராசரியாக 67 நொடி ஆனது. பிள்ளைகளுக்கு 90 நொடி. வித்தியாசம் அரை நிமிடம்கூட இல்லை. கருவி சொல்வதைக் கேட்டு அப்படியே செய்தார்கள், அவ்ளோதான்.

நிமிடக் கணக்கு

இதயம் நின்ற பிறகு, முதலுதவியும் ஷாக்கும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. பத்து நிமிடம் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நெஞ்சழுத்தம் இந்தச் சரிவின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் தாறுமாறான துடிப்பை நிறுத்துவது ஷாக்தான்.

2000-ல் வெளியான லாஸ் வேகாஸ் ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது. அங்கே சூதாட்ட விடுதிகளின் செக்யூரிட்டி ஊழியர்களுக்கு ஏ.இ.டி கொடுத்துப் பழக்கினார்கள். விழுந்த 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். 3 நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. காப்பாற்றியவர்கள் வாசலில் நிற்கும் காவலர்கள். கேமரா வழியாக ஒவ்வொரு மூலையும் பார்க்கப்படும் இடம் என்பதால் விழுந்தது உடனே தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலைக்கோயிலில் அந்த வசதி கிடையாது. ஆனால் கூட்டம் இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமை படியில் விழுபவரைச் சுற்றி நூறு கண்கள் இருக்கும்.

2021 ஜூன் 12 அன்று யூரோ கோப்பைப் போட்டியில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் சரிந்ததை டி.வி-யில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கேயே நெஞ்சழுத்தம், அங்கேயே ஷாக். மறு ஆண்டே மறுபடி ஆட வந்தார். ஸ்டேடியத்தில் தயாராக இருந்தது பக்தர்கள் ஏறும் படியிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

மலைக்கு ஏன் முதலிடம்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரத் தெருக்களுக்கு ஆம்புலன்ஸ் வந்துவிடும். மலைப்படிக்கு வராது. திருவண்ணாமலை சின்னக் குன்று. அதே வட்டாரத்தில் தாணிப்பாறை வழியாக ஏறும் சதுரகிரி அப்படி இல்லை. புலிகள் காப்பகக் காட்டுக்குள் கல்லும் மேடுமாகப் பல மணி நேரம் நடக்க வேண்டிய பாதை. முடியாதவர்களை டோலியில்தான் இறக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறிய பக்தர் நெஞ்சுவலியால் இறந்தார் என்ற செய்தி இந்தப் பக்கத்து நாளிதழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. கோவை வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் அடுத்தடுத்துப் பலர் இறந்தபோது மாநிலமே பேசியது. சில வாரம் பேசியது, பிறகு அடுத்த செய்தி வந்துவிட்டது.

பக்கத்து மாநிலத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து மாலை போட்டுக்கொண்டு சபரிமலை போகிறவர்கள் அதைக் கடந்துதான் ஏறுகிறார்கள். பம்பையிலிருந்து சன்னிதானம் வரை வழிநெடுக அவசர மருத்துவ மையங்களும் ஆக்சிஜன் பார்லர்களும். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் கையில் ஏ.இ.டி. செங்குத்தான ஏற்றம் எங்கே வருகிறதோ அங்கேதான் ஆள் விழுவார் என்ற எளிய கணக்கில் கேரள சுகாதாரத் துறை அதை அமைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அது உயிரோடு சுகாதார நிலையத்தின் வாசலைத் தொடுபவருக்கான திட்டம். படியிலேயே இதயம் நின்றவருக்கு அந்த 14 மாத்திரையால் பயனில்லை. இடையில் இருக்கும் அந்த ஓட்டையைத்தான் ஏ.இ.டி அடைக்க முடியும். கர்நாடகம் இதைப் புரிந்துகொண்டு, 2021-ல் 46 வயதில் மறைந்த நடிகர் புனித் ராஜ்குமார் பெயரில் தொடங்கிய 'ஹிருதய ஜோதி' திட்டத்தில் பொது இடங்களில் ஏ.இ.டி வைப்பதையும் சேர்த்துக்கொண்டது.

எந்த மெஷின் வாங்கலாம்?

பிராண்டைப் பொறுத்து ஏறி இறங்கினாலும் விலை லட்ச ரூபாயைச் சுற்றி வருகிறது. கடைக்காரர் முதலில் பேட்டரி ஆயுளையும் எடையையும் சொல்வார். மலைக்கோயிலுக்கு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: "இது தமிழ்ல பேசுமா?"

ஏ.இ.டி-யின் பாதி வேலை அதன் குரல்தான். 'பேடை ஒட்டுங்கள், யாரும் தொடாதீர்கள், அழுத்துங்கள்' என்று அது படிப்படியாகச் சொல்லும். பூக்கடை அக்காவுக்கும் டோலி தூக்கும் அண்ணனுக்கும் அமெரிக்க உச்சரிப்பு ஆங்கிலம் எதற்கு உதவும்? பயத்தில் இருக்கும்போது பட்டதாரிக்கே அது காதில் ஏறாது. தமிழ்க் குரல் போட்டுத் தர முடியாது என்றால் அடுத்த கம்பெனியைப் பார்க்கலாம். குரல் சத்தத்தையும் கடைக்குள் ஏ.சி. அறையில் கேட்டுப் பார்த்தால் போதாது. மைக்செட்டும் மேளமும் 'கோவிந்தா' கோஷமும் நடுவே கேட்குமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வெயில். பெரும்பாலான கருவிகள் 50 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று அவற்றின் கையேட்டிலேயே இருக்கும். விருதுநகர் மாவட்ட வெயிலில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் அந்த அளவைத் தொடுவது பெரிய விஷயமில்லை. பேடில் இருக்கும் ஜெல் காய்ந்தால் உடம்பில் ஒட்டாது. நிழலான மண்டபச் சுவர்தான் சரியான இடம். தூசி, தண்ணீர் தாங்கும் தரம் ஐ.பி.55 அளவிலாவது இருந்தால் நல்லது.

முழு ஆட்டோமேட்டிக், செமி ஆட்டோமேட்டிக் என்று இரண்டு வகை வரும். முதலாவது தானே எண்ணிவிட்டு ஷாக் கொடுக்கும். இரண்டாவதில் மனிதர் பட்டனை அழுத்த வேண்டும். கூட்டம் மொய்க்கும் இடத்துக்கு இரண்டாவதே பாதுகாப்பு. விழுந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி அழுதுகொண்டிருப்பார். அவரை விலக்கிவிட்டு, ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அழுத்த அந்த ஒரு பட்டன் அவகாசம் தருகிறது. நெஞ்சழுத்தத்தின் வேகத்துக்குத் தாளம் போட்டுக் காட்டும் வசதி இருந்தால் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம். 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான பேட் அல்லது சுவிட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

டிஃபிப்ரிலேட்டர்களை 2019-லேயே மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவர மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. எனவே உரிமம் பார்க்காமல், 'செகண்ட் ஹேண்ட், சல்லிசா வருது' என்று ஆன்லைனில் வாங்குவது வேண்டாத வேலை.

படியில் வைத்துப் பயன்படுத்தும்போது

கையேட்டில் 'நெஞ்சு உலர்ந்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். மலை ஏறியவரின் நெஞ்சு எப்படி உலர்ந்திருக்கும்? வியர்வை, சந்தனம், சில சமயம் எண்ணெய். துண்டால் அழுத்தித் துடைத்த பிறகே பேட் ஒட்டும். ஒன்று வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். பேடிலேயே படம் போட்டிருக்கும். துளசி மாலை, தாயத்து, செயின் பேட் மேல் படாமல் ஒதுக்கினால் போதும். அறுத்தெடுக்க நேரம் செலவாக்க வேண்டாம். மார்பில் முடி அடர்த்தியாக இருந்தால் ஒட்டாது. அதற்காகவே கருவியோடு ஒரு ரேசரும் கத்தரிக்கோலும் வைத்திருப்பார்கள். தோலுக்குக் கீழே பேஸ்மேக்கர் மேடு தெரிந்தால் அதன் மேல் ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்ட வேண்டும்.

விழுந்தவர் பெண் என்றால் கூட்டம் தயங்குகிறது. ஜாக்கெட்டைக் கத்தரிப்பது யார்? இதைப் பேசாமல் விட்டால் அந்தத் தயக்கத்திலேயே 3 நிமிடம் போய்விடும். நாலு பேர் சேலையையோ வேட்டியையோ விரித்து மறைப்பாகப் பிடித்தால் உள்ளே வேலை நடக்கும். பயிற்சியிலேயே இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஷாக் கொடுத்ததும் ஆள் எழுந்து உட்காருவார் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மறுபடி நெஞ்சழுத்தம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 சென்டிமீட்டர் ஆழமாவது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கருவியே நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கும். அழுத்துபவர் சீக்கிரம் களைத்துவிடுவார். ஆள் மாற்றிக்கொள்ளலாம். படியில் சாய்வாகக் கிடந்தால் அழுத்தம் சரியாக இறங்காது என்பதால் முதல் வேலையாக அருகிலுள்ள சமதளத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

பூட்டு, சாவி, போலீஸ்

நம்மூரில் விலை உயர்ந்த பொருள் எதுவானாலும் அது அலுவலக பீரோவுக்குள் போய்விடும். சாவி மேனேஜரிடம். மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். திருட்டு பயம் நியாயமானதுதான். அதற்குத் திறந்தால் அலறும் சைரன் பெட்டி இருக்கிறது. கூட்டத்தைக் கூப்பிட அந்தச் சத்தமும் உதவும். குன்று என்றால் அடிவாரத்தில் ஒன்று, மேலே ஒன்று. ஓடிப்போய் எடுத்து ஓடிவர 3 நிமிடத்துக்கு மேல் ஆகிற இடத்தில் வைப்பது வீண்.

பழக்க வேண்டியது யாரை? டாக்டரை இல்லை. தேங்காய்க் கடைக்காரர், மொட்டை அடிக்கும் தொழிலாளி, செருப்பு காவல் பார்ப்பவர், பந்தோபஸ்துக்கு வரும் ஊர்க்காவல் படையினர், பக்கத்துக் கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர்கள். வருஷம் முழுக்க அந்த இடத்தில் இருப்பவர்கள் முதலிடத்தில். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சாதாரண மக்களுக்காகவே, வாயோடு வாய் ஊதாமல் நெஞ்சழுத்தம் மட்டும் செய்யும் முறையை வகுத்திருக்கிறார்கள். அரை நாள் போதும்.

"செஞ்சு அவர் செத்துட்டா கேஸ் வருமே?" என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை என்பதுதான் வருத்தம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. ஆனால் அது சாலை விபத்துக்கானது. கோயில் படியில் விழுந்தவரைக் காப்பாற்ற முயல்பவருக்கும் அதே பாதுகாப்பை மாநில அரசு எழுத்தில் தர வேண்டும். பொது இடங்களில் கருவி வைப்பதற்கு ஆகும் செலவில் இதற்கு ஒரு பைசாகூட ஆகாது. ஜப்பான் 2004-ல் சாதாரண மக்களும் ஏ.இ.டி பயன்படுத்தலாம் என்று அனுமதித்த பிறகுதான் அங்கே ரயில் நிலையம், பள்ளி என்று எங்கும் அது பரவியது.

உபயம்

பணம் எங்கிருந்து வரும் என்பது இந்த வட்டாரத்தில் பெரிய கேள்வியே இல்லை. மில்களின் ஊர் ராஜபாளையம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணிதான் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காயத்தைக் கட்டுகிறது. கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தாலே வெளிச்சம் மறையும் அளவுக்குப் பேர் எழுதுகிற ஊர்களில், ஏ.இ.டி பெட்டி மேல் பேர் போட ஆள் கிடைக்காமல் போகாது. போடட்டும், தப்பே இல்லை.

சிக்கல் இரண்டாம் வருஷம் வரும். டியூப் லைட் எரியாவிட்டால் கண்ணுக்குத் தெரியும். ஏ.இ.டி செத்துக் கிடப்பது, ஒருவர் விழும் வரை தெரியாது. பேடுகள் பெரும்பாலும் 2 ஆண்டிலும், பேட்டரி 4, 5 ஆண்டிலும் மாற்ற வேண்டியவை. ஒருமுறை பயன்படுத்திய பேட் அப்போதே குப்பைக்குப் போக வேண்டியது. எனவே உபயம் வாங்கும்போதே பத்து வருஷத்துப் பேட், பேட்டரிக்கும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. கட்டளைதாரர் வருஷா வருஷம் திருவிழா மண்டகப்படி செய்வதில்லையா, அந்த மாதிரி. புரட்டாசி முதல் சனிக்கு முந்தின வாரம் ஒருவர் பெட்டியைத் திறந்து பச்சை விளக்கு எரிகிறதா, பேட் கவரில் காலாவதித் தேதி என்ன, ரேசரும் துண்டும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, பெட்டிக் கதவில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பேர் சொல்ல முடியாத கோயில் நிர்வாகம், மெஷின் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு முதலில் அந்த ஆளைக் கண்டுபிடிக்கலாம்.